கொல்லிமலை இறக்கத்தில் பிரேக் கைவிட்ட வண்டியில் வால்பாறைக்குப் போகலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆறு ஆண்டுகளாக ஓடும் 150 சிசி வண்டி. முன்சக்கரத்துக்கு டிஸ்க், பின்சக்கரத்துக்கு டிரம். மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு, இரண்டு பைகளுடன் கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்கள். காரவள்ளியை நோக்கி இறங்கும்போது, பாதி வளைவுகளுக்கு மேல் கடந்த நிலையில், முன் பிரேக் லீவர் எதிர்ப்பே இல்லாமல் கைப்பிடி வரை வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் காத்திருந்தபின் பழையபடி பிடித்தது. ஊருக்கு வந்து காட்டியபோது மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் கோளாறு இல்லை என்று எஞ்சின் ஆயிலை மட்டும் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் வால்பாறை போகவிருக்கிறீர்கள். அதற்கு வேறு என்னென்ன சர்வீஸ் செய்ய வேண்டும் என்று கேட்கிறீர்கள். சர்வீஸ் பட்டியலைக் கேட்டிருந்தாலும், அன்று நடந்தது மறுபடியும் நடக்குமா என்பதுதான் உங்கள் கவலை என்று தெரிகிறது. காரணத்தைக் களையாமல் போனால் நடக்கும் என்பதே என் பதில்.

பொள்ளாச்சிப் பக்கத்தில் பல ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்திவருகிறேன். வால்பாறையிலிருந்து இறங்கி வரும் வண்டிகளைப் பார்ப்பது என் அன்றாட வேலையின் ஒரு பகுதி. ஆனாலும் வண்டியைக் கையால் தொட்டுப் பார்க்காமல் கோளாறை முடிவாகச் சொல்ல எவராலும் முடியாது. அதனால் எது உறுதி, எது என் ஊகம் என்பதைப் பிரித்தே எழுதுகிறேன்.

பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, லீவர் அப்போது எப்படி இருந்தது என்பதைத்தான். லீவர் கல்லைப் போல இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்கவில்லை என்றால், டிஸ்க்கை இருபுறமும் கவ்வும் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்திருக்கிறது. லீவர் எப்போதும், வீட்டு வாசலில் நிற்கும்போதுகூட, மெத்தென்று அமுங்கினால் பிரேக் ஆயில் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. பிடித்து வைத்திருக்கும்போதே லீவர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கினால் லீவரின் விசையைப் பிரேக் ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் சீல் தேய்ந்திருக்கிறது. உங்களுக்கு நடந்தது இவற்றில் எதனோடும் பொருந்தவில்லை. குளிர்ந்த நிலையில் நன்றாக இருந்தது, நீண்ட இறக்கத்தில் சூடேறியபின் எதிர்ப்பே இல்லாமல் போனது, ஆறியதும் தானாகவே திரும்பியது. இந்த வரிசை, பிரேக் ஆயில் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டானதற்கான அடையாளம். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். நீங்கள் லீவரில் கொடுத்த விசை முழுவதும் குமிழிகளை அமுக்குவதிலேயே செலவாகிவிட்டது. ஆறியதும் ஆவி மீண்டும் திரவமாகிவிட்டதால் சமவெளியில் ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கின் கையில் எதுவும் சிக்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். இந்தக் கோளாறு சூட்டில் மட்டுமே தலைகாட்டும். இந்த முடிவில் எனக்கு ஏறக்குறைய ஐயமில்லை. சீலும் சேர்ந்து தேய்ந்திருக்குமா என்பதை மட்டும் இங்கிருந்து சொல்ல முடியாது.

பிரேக் ஆயில் ஏன் கொதிக்கிறது என்பதை நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் தீர்வும் அதற்குள்ளேயே இருக்கிறது. நம் வண்டிகளில் பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4 என்ற தரக் குறியீடுள்ள பிரேக் ஆயில்தான் ஊற்றப்படுகிறது. இவை இரண்டும் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரவிதி. அதே ஆயில் ஏறத்தாழ 3.7 சதவீதம் நீரை உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரியாகக் குறைந்துவிடுகிறது. டாட் 3 என்றால் முறையே 205, 140. ஆறு ஆண்டுகளில் ஒருமுறைகூட மாற்றப்படாத ஆயில் எந்த நிலையில் இருக்கும் என்று எண்ணிப்பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது பொதுவான வழக்கம். அதைக் கேட்டு மாற்றிக்கொள்பவர்கள் மிகக் குறைவு. எஞ்சின் ஆயிலுக்குக் கிலோமீட்டர் கணக்கு வைத்திருப்பவர்கள்கூட, உயிரைத் தாங்கி நிற்கும் இந்தச் சின்னப் பிரேக் ஆயில் டப்பாவை ஒருமுறையும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்பது எனக்கு நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

வண்டியும் நீங்கள் இருவரும் பைகளும் சேர்ந்து 300 கிலோ என்றும், இறங்கும் உயரம் 1000 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அந்த உயரத்திலிருந்து அந்த எடையைக் கீழே கொண்டுவரும்போது சுமார் 29 லட்சம் ஜூல் ஆற்றல் எங்காவது கழிந்தாக வேண்டும். அறைவெப்பத்தில் இருக்கும் 9 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. அதில் ஒரு பங்கைக் காற்று எடுத்துக்கொள்ளும். எஞ்சியதை எஞ்சினும் பிரேக்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும். பெட்ரோல் மிச்சமாகும் என்று சில இடங்களில் நியூட்ரலில் இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் எஞ்சினின் பங்கு சுழியாகிவிட்டது. முழுச் சுமையும் சாண் அகலமுள்ள ஒரு டிஸ்க்கின் மீதும் பின்சக்கர டிரம்மின் மீதும் விழுந்திருக்கிறது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொன்றுக்கும் முன்னால் வேகத்தைக் குறைத்தாக வேண்டும் என்பதால், டிஸ்க் ஆறுவதற்கு இடைவெளியும் கிடைத்திருக்காது.

பெட்ரோல் கணக்கும் பல நேரங்களில் தவறானதுதான். 2020 ஏப்ரலிலிருந்து விற்கப்படும் பிஎஸ் 6 வண்டிகள் அநேகமாக எல்லாமே எரிபொருள் ஊசிமுறையில் இயங்குகின்றன. அவற்றில் கியரில் இருக்கும்போது திராட்டிலை (ஆக்சிலேட்டரை) முழுவதுமாக மூடினால், பொதுவாகக் கணினியே பெட்ரோலை நிறுத்திவிடும். நியூட்ரலில் ஓடினால்தான் ஐடிலிங்குக்குப் பெட்ரோல் செலவாகும். உங்கள் வண்டி அதற்கு முந்தைய கார்புரேட்டர் வகையாக இருந்தால் சிறிதளவு பெட்ரோல் போகத்தான் செய்யும். ஒரு மலை இறக்கத்தில் அதன் மதிப்பு சில ரூபாய்களைத் தாண்டாது.

ஆகவே இறங்கும்போது கியரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஒரே ஓர் அளவுகோல்தான்: திராட்டிலை மூடியபின் வண்டியின் வேகம் தானாகக் கூடக் கூடாது. கூடுகிறது என்றால் இன்னும் ஒரு கியர் குறைக்க வேண்டும். அந்த இடத்தை ஏறுவதற்கு எந்தக் கியர் தேவைப்படுமோ அதிலேயே இறங்குவது பெரும்பாலும் சரியாக அமையும். வால்பாறைக்கு ஏறும் ஆழியாறு மலைப்பாதையில் இருவர் போகும் 150 சிசி வண்டிக்கு நீண்ட தூரம் இரண்டாவது கியர் வேண்டியிருக்கும். வளைவுகளில் சில இடங்களில் முதல் கியரும் தேவைப்படும். எஞ்சின் இரைகிறதே, கெட்டுவிடாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். சிவப்புக் கோட்டைத் தொடாத வரை அதனால் கேடு எதுவும் இல்லை. பழைய எஞ்சினில், நீண்ட இறக்கத்துக்குப் பின் திராட்டிலைத் திறந்தவுடன் கொஞ்சம் நீலப்புகை வரலாம். வால்வு சீல் தேய்ந்திருந்தால், திராட்டிலை மூடியிருக்கும்போது எஞ்சினுக்குள் உண்டாகும் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சிவிடுகிறது. அது சீலைக் கவனிக்கச் சொல்லும் அறிகுறி. நியூட்ரலில் இறங்குவதற்கான காரணமாக அதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிரேக்கை எப்படிப் பிடிப்பது என்பதில் அனுபவசாலிகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. வளைவுக்கு முன்பு அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுவதுமாக விட்டுவிட வேண்டும் என்பவர்கள் ஒரு பக்கம். மெல்லத் தடவியபடியே இறங்கலாம் என்பவர்கள் மறுபக்கம். உண்டாகும் மொத்த வெப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் முறையில் இடையிடையே காற்றுப் பட்டு டிஸ்க் ஆறுகிறது, காலை பின்பிரேக்கின் மீதே மறந்து வைத்திருக்கும் பழக்கமும் வராது; ஆகவே நான் அதையே பரிந்துரைக்கிறேன். பின்சக்கர டிரம் சூடேறினால் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவிலிருந்து விலகிப் போகும் என்பதால், அதை மட்டும் நம்பி இறங்குவது இன்னும் ஆபத்து. ஸ்கூட்டரில் வரும் நண்பர்கள் உடன் இருந்தால் அவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: அதில் எஞ்சின் பிரேக்கிங் குறைவு, வேகம் ஓரளவுக்குக் கீழே இறங்கியதும் கிளட்ச் தானாக விலகி வண்டி நியூட்ரலில் ஓடுவதைப் போலவே ஆகிவிடும். அவர்கள் அடிக்கடி நிறுத்தி ஆறவிட்டுத்தான் இறங்க வேண்டும். சூடான டிஸ்க்கின் மீது தண்ணீர் ஊற்றுவது மட்டும் கூடவே கூடாது, டிஸ்க் கோணிப்போகும்.

இனி பட்டறை வேலைக்கு வருகிறேன். பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றச் சொல்லுங்கள். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவதாகாது. உங்கள் வண்டியின் டப்பா மூடியில் எந்த டாட் எண் பொறிக்கப்பட்டிருக்கிறதோ அதையே, உங்கள் கண் முன்னால் திறக்கப்படும் புதிய புட்டியிலிருந்து ஊற்ற வேண்டும். முன்பே திறந்து வைத்திருந்த புட்டி ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சிலிகான் வகையான டாட் 5 இதில் கலக்கவே கூடாது. பேட்டுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிபர் பிஸ்டன்களைச் சுத்தம் செய்து, அவை தடையின்றி உள்ளே போய் வருகின்றனவா என்று பார்ப்பது மிக முக்கியம். பிஸ்டன் சிக்கிக்கொண்டால் நீங்கள் லீவரை விட்டபின்னும் பேட் உரசிக்கொண்டே இருக்கும், அதுவே ஆயிலைக் கொதிக்க வைத்துவிடும். முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிச் சுற்றிவிட்டால் இது தெரிந்துவிடும். அன்று அவ்வளவு சூடேறிய பேட்டுகள் பளபளவென்று கண்ணாடிபோல் ஆகியிருந்தால், தடிமன் மிச்சமிருந்தாலும் மாற்றிவிடுங்கள். உங்கள் வண்டியில் ஏபிஎஸ் இருந்தால் ஒரு சிறு ஐயம் எஞ்சும்: வழக்கமான முறையில் மாற்றும்போது ஏபிஎஸ் பெட்டிக்குள் கொஞ்சம் பழைய ஆயில் தங்கிவிடக்கூடும். சில மாடல்களில் அதை வெளியேற்றக் கருவி தேவைப்படும் என்பதால், அந்த வேலையைக் கம்பெனி சர்வீஸ் சென்டரில் செய்துகொள்வது பாதுகாப்பானது. பின்சக்கரத்தில் டிரம்மைக் கழற்றித் தூசி நீக்கி, ஷூவைப் பார்த்து, கேம் தண்டுக்கு மிகக் குறைவாகக் கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

பிரேக்குக்கு அடுத்து என் பார்வை டயருக்குத்தான் போகும். ஓரச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். வண்டியோடு வந்த டயரே இன்னும் ஓடுகிறது என்றால், பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும், ஈரச்சாலையில் பிடிப்புக் குறையும். எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொள்ளும் எண் கிடையாது. ஓரங்களில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தால் நான் மாற்றச் சொல்லிவிடுவேன். காற்றழுத்தத்தை அடிவாரத்தில், டயர் குளிர்ந்திருக்கும்போது, இருவருக்கான அளவில் வைத்துக்கொள்ளுங்கள். செயின் கவரிலோ ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் தாளில் அந்த அளவு இருக்கும். மேலே போனால் காற்று கூடிவிடும் என்று சிலர் காற்றை இறக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லாத வேலை. மேட்டுப்பாளையத்திலிருந்து 2240 மீட்டர் உயரமுள்ள ஊட்டிக்கு ஏறினால், வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அளவுமானியில் சுமார் 3 பிஎஸ்ஐ கூடும். அதே நேரத்தில் வெப்பம் 20 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய அதே அளவு குறையும். ஒன்றை மற்றொன்று ஈடுகட்டிவிடுகிறது.

செயின், கிளட்ச் இரண்டும் ஏற்றத்தில் சோதிக்கப்படுபவை. செயினின் தொய்வு உங்கள் வண்டியின் கையேட்டில் குறித்த அளவில் இருக்கட்டும். பல வண்டிகளில் அது 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை. சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேய்ந்த செயின் ஓரிடத்தில் இறுகியும் ஓரிடத்தில் தொங்கியும் இருக்கும். பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்புறத்தில் செயினைப் பிடித்து இழுத்தால் பல்லின் பாதியளவு வெளியே தெரிந்தாலோ, பற்கள் ஒரு பக்கமாக வளைந்திருந்தாலோ செட்டாக மாற்றிவிடுங்கள். கிளட்ச் நழுவினால் எஞ்சின் இரைச்சல் கூடும், வேகம் கூடாது. கொஞ்ச நேரத்தில் கருகும் வாடையும் வரும். காருக்கான எஞ்சின் ஆயிலை ஊற்றினாலும் இது நடக்கலாம். நம் வண்டிகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்தபடி இயங்குவதால், எஞ்சின் ஆயில் டப்பாவில், இருசக்கர வாகன ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற குறியீடு இருக்க வேண்டும். கிளட்ச் கேபிள் லீவர் அருகே நார் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிய கேபிள் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால், சாலையோரத்தில் இருக்கும் எந்த மெக்கானிக்கும் சில நிமிடங்களில் மாற்றித் தருவார். கோன் செட் (கைப்பிடித் தண்டின் பேரிங்), வீல் பேரிங், ஃபோர்க் ஆயில் சீல் ஆகியவற்றை மெக்கானிக்கே கையால் அசைத்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். சீல் கசிந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஆயில் டிஸ்க்கில் இறங்கினால் பிரேக் பிடிக்காது.

பாதையைப் பற்றியும் கொஞ்சம் சொல்கிறேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையைவிட எண்ணிக்கை குறைவு, ஆனால் பேருந்துகளும் தேயிலை ஏற்றும் லாரிகளும் இதில் கூடுதலாக வரும். பேருந்து திரும்புவதற்கு வளைவின் முழு அகலமும் தேவை. அது வருவது தெரிந்தால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்றுவிடுங்கள். மலைச்சாலையில் இருவருக்கும் இடம் போதாதபோது, இறங்குபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டின் சாலை விதி. இடப்பக்கம் திரும்பும் வளைவின் உட்புறம் மிகச் செங்குத்தாக இருக்கும். ஏறும்போது உள்விளிம்பை ஒட்டித் திருப்பினால் எஞ்சின் அணைந்துவிடக்கூடும், பின்னால் ஒருவர் இருக்கும்போது வண்டியைத் தாங்கி நிறுத்துவது கடினம். உங்கள் பக்கத்துக்குள்ளேயே சற்று அகலமாக எடுத்து, வளைவுக்கு முன்பே முதல் கியருக்கு மாறிவிடுங்கள். ஒன்பதாவது வளைவில் இருக்கும் காட்சிமுனையில் பலரும் வண்டியை நிறுத்துவார்கள். பாறைகளில் வரையாடுகள் நிற்பதைப் பார்க்க முடிகிற இடம் அது. குரங்குகள் இருப்பதால் உணவுப் பையை வண்டியில் தொங்கவிட்டுப் போகாதீர்கள். மூடுபனி இறங்கினால் ஹை பீம் போடக் கூடாது, ஒளி திரும்பிக் கண்ணிலேயே அடிக்கும். அந்தி சாய்ந்தபின் யானைகளும் காட்டுமாடுகளும் சாலைக்கு வரும். ஆகவே பகலிலேயே ஏறிப் பகலிலேயே இறங்கிவிடுங்கள். வால்பாறையைத் தாண்டி மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளி போகும் எண்ணம் இருந்தால், அது நீண்ட காட்டுவழி. வால்பாறையிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, இருசக்கர வாகனங்களை அன்று விடுகிறார்களா, எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்று சோதனைச் சாவடியில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டுப்பாடுகள் அவ்வப்போது மாறுகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை என்றால் பயணத்தைத் தள்ளிவைக்கச் சொல்வேன். தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு வால்பாறைக்கு அருகில்தான் இருக்கிறது.

இவ்வளவும் செய்தபின் மறுபடியும் லீவர் கைப்பிடி வரை வந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். லீவரை விட்டு விட்டு வேகமாகப் பலமுறை அழுத்துங்கள். ஆவி இருந்தாலும் ஓரளவு அழுத்தம் திரும்பக் கிடைக்கலாம், ஆனால் அதை உறுதியாக நம்ப முடியாது. அதே நேரத்தில் ஒவ்வொரு கியராகக் குறையுங்கள், பின்பிரேக்கை அழுத்துங்கள், கிளட்ச்சைப் பிடித்து வைத்திருக்காதீர்கள். வேறு வழியே இல்லாத நிலையில் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச்சரிவு இருக்கும் பக்கத்து ஓரத்தில் வண்டியைச் சேர்த்து நிறுத்துங்கள். லீவர் பழைய இறுக்கத்துக்கு வந்துவிட்டாலும், அதன்பின் முதல், இரண்டாவது கியரில் மட்டுமே இறங்க வேண்டும்.

வால்பாறைக்கு முன்பு, வேலை முடிந்த வண்டியை உங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு சிறிய இறக்கத்தில் தனியாக ஓட்டிப் பாருங்கள். போக்குவரத்து இல்லாத இடத்தில் பலமுறை அழுத்தமாகப் பிரேக் பிடித்து, டிஸ்க் நன்றாகச் சூடானபின் லீவர் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். முன்பிருந்த இடத்திலேயே நின்றால் போகலாம். கொஞ்சமாவது உள்ளே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரைத் திறந்து பார்க்கும் வரை மனைவியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மலைக்குக் கிளம்ப வேண்டாம். ஆயில் மாற்றும்போது பழைய ஆயில் என்ன நிறத்தில் வந்தது, பிஸ்டன் சிக்கியிருந்ததா, இந்தச் சோதனையில் லீவர் எப்படி இருந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். சீல் மாற்ற வேண்டுமா என்பதை அதை வைத்து இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.